37ஆ, 47ஆ, 57ஆ? மொட்டை மாடிக்கு ஒரு ஸ்மோக்கர்

தண்டையார்பேட்டையில் இருக்கும் என் மச்சான் போன மாதம் வீட்டுக்கு வந்தபோது, மாடியில் கறியைப் புகையில் வேகவைக்க நான் வைத்திருக்கும் ஸ்மோக்கரைச் சுற்றிச் சுற்றி வந்தான். மறுநாள் காலையில் போன். "மாமா, நானும் ஒண்ணு வாங்கப் போறேன். வாங்குறதே வாங்குறோம், பெருசாவே வாங்கிடலாமா?"

அவசரப்படாதே, ஞாயிற்றுக்கிழமை வா, பேசலாம் என்றேன். அன்று அவனிடம் சொன்னதுதான் இது. சில இடங்களில் அவனிடம் சொல்ல மறந்ததையும் சேர்த்திருக்கிறேன்.

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவாக்கிக்கொள்ளலாம். கரியில் எரியும் ஸ்மோக்கர் என்றால் பலரும் துப்பாக்கிக் குண்டு மாதிரி நிற்கும் உருளையைத்தான் சொல்கிறார்கள். அடியில் கரி, அதற்கு மேல் ஒரு தண்ணீர்ச் சட்டி, அதற்கும் மேலே இரண்டு அடுக்காகக் கம்பித் தட்டுகள், தலைக்கு ஒரு மூடி. கீழே காற்று நுழைய ஓட்டைகள், மூடியில் புகை போக ஓர் ஓட்டை. கரிக்கும் கறிக்கும் நடுவில் சட்டி இருப்பதால் தணல் நேராகப் படாது. 107 முதல் 121 டிகிரி செல்சியஸ் வரையான மந்தச் சூட்டில், மணிக்கணக்கில், புகையில் வேகும். தந்தூரி அடுப்பின் அவசரத்துக்கு நேர் எதிர்.

இந்த வகையில் எல்லோரும் அளவுகோலாக வைத்துக்கொள்வது வெபர் கம்பெனியின் ஸ்மோக்கி மவுண்டன். 14, 18, 22 அங்குலம் என்று மூன்று அளவு. நம் கணக்கில் 37, 47, 57 சென்டிமீட்டர். மற்ற கம்பெனிக்காரர்களின் அளவுகளும் கிட்டத்தட்ட இதை ஒட்டித்தான் இருக்கும். அதனால் இங்கே 37, 47, 57 என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 10 சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். அங்கேதான் ஏமாறுகிறோம். தோசைக்கல்லை நினைத்துப் பாருங்கள். கல் கொஞ்சம் அகலமானால் மாவு எவ்வளவு கூடுதலாக இழுக்கிறது! வட்டத்தில் விட்டம் கூடினால் பரப்பு அதன் வர்க்கத்தில் கூடும். 37ஐவிட 57இன் விட்டம் ஒன்றரை மடங்குதான், ஆனால் கறி வைக்கும் இடம் இரண்டரை மடங்கு. நடுவில் இருக்கும் 47, சின்னதைப்போல ஒன்றே முக்கால் மடங்குக்குச் சற்றுக் குறைவு. இடம் கூடும்போது சூடாக்க வேண்டிய இரும்பும் காற்றும் தண்ணீரும் சேர்ந்தே கூடுகின்றன. இந்த இரண்டாவது பாதியைக் கடைக்காரர் சொல்ல மாட்டார்.

இன்னொன்று: சொல்லும் அளவு வெளி அளவு. கம்பித் தட்டின் உண்மையான விட்டம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறைவாகத்தான் இருக்கும். 37க்குள் இருக்கும் தட்டு சுமார் 34, 47க்குள் இருப்பது சுமார் 44. மீன் வாங்கப் போகும்போது இந்த மூன்று சென்டிமீட்டர் பெரிய விஷயமாகிவிடும். அதைப் பிறகு சொல்கிறேன்.

சரி, "10 பேருக்குப் போதும்", "20 பேருக்குப் போதும்" என்று பெட்டியில் போட்டிருக்கிறதே, அதைப் பார்த்து வாங்கினால் என்ன? யாருடைய 10 பேர் என்று கேட்க வேண்டும். அந்தக் கணக்கு அமெரிக்கக் கணக்கு. அங்கே புகையில் வெந்த கறிதான் சாப்பாடு. பக்கத்தில் ஒரு ரொட்டித் துண்டு, கொஞ்சம் சாலட். ஆளுக்குக் கால் கிலோவுக்குக் குறையாமல் போகும். 5, 6 கிலோ எடையுள்ள மாட்டின் நெஞ்சுக்கறி ஒரே துண்டாக, பன்றியின் முழுத் தோள்பட்டை ஒரே துண்டாக உள்ளே போகும். அந்த மாதிரிச் சாப்பாட்டுக்குப் போட்ட கணக்கு அது.

நம் வீட்டில் என்ன நடக்கும்? 20 பேர் வருகிறார்கள் என்றால் பிரியாணி தேக்ஸா அடுப்பில் ஏறிவிடும். வண்ணாரப்பேட்டையில் பிரியாணி இல்லாமல் 20 பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்தால் அப்புறம் தெருவில் நடமாட முடியாது. நீங்கள் ஆறு மணி நேரம் காத்துப் புகை போட்ட கறி, பிரியாணிக்குப் பக்கத்தில் தொட்டுக்கொள்ளத்தான் போகும். ஆளுக்கு 100 கிராம், ஆசைப்பட்டால் 150. ஆக, 20 பேருக்கு 3 கிலோ வெந்த கறி. அது 47இல் இரண்டு தட்டுகளில் அடங்கிவிடும். விருந்து நாளை நினைத்துப் பெரிய ஸ்மோக்கர் வாங்குகிறவர்கள் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தாலே பாதிப் பேர் மனம் மாறிவிடுவார்கள்.

ஆகவே ஆட்களை எண்ணுவதை விட்டுவிட்டு, வைக்கப் போகிற பொருளின் நீளத்தை அளக்கலாம்.

கோழியில் தொடங்குவோம். இங்கே கிடைக்கும் கோழி சுத்தம் செய்தபின் ஒன்றேகால் கிலோ, ஒன்றரை கிலோ. தோலோடு கேட்டு வாங்குங்கள். தோல் உரித்த கோழி புகையில் காய்ந்து சக்கையாகிவிடும். முழுக் கோழியை அப்படியே உட்கார வைத்தால் 37இன் தட்டில் இரண்டு அடங்கும், நெருக்கித்தான். முதுகெலும்பை வெட்டி எடுத்து, விரித்துப் படுக்க வைத்தால் சீக்கிரம் வேகும். ஆனால் அப்போது தட்டுக்கு ஒன்றுதான். 47இல் உட்கார வைத்தால் மூன்று, விரித்தால் இரண்டு. உள்ளே 74 டிகிரி வந்தால் கோழி தயார். அதற்கு ஒரு குத்து வெப்பமானி கட்டாயம் வேண்டும். மூடியில் இருக்கும் கடிகாரம் மாதிரி முள்ளை நம்பி நான் இரண்டு கோழிகளை வீணாக்கியிருக்கிறேன்.

ஆட்டுத் தொடை வேறு விதத்தில் சிக்கல். நம் வெள்ளாடு சின்னது, ஒரு தொடை ஒன்றரை கிலோவை ஒட்டித்தான் வரும். எடை குறைவு, ஆனால் எலும்பு நீளம். முழங்கால் எலும்போடு 37க்குள் மூடி மூடாது. கறிக்கடையில் சொல்லி அந்த மூட்டை வெட்டித் தரச் சொன்னால் வைத்துக்கொள்ளலாம். வெள்ளாட்டில் கொழுப்பும் குறைவு. மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் அதைப் புகையில் போட்டு வைக்கும் வேலையே இல்லை. பாதி வழியில் வாழையிலையில் சுற்றி வைப்பது என் பழக்கம்.

மீன்தான் எனக்கு இதில் பெரிய விஷயம். காசிமேட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு மீனை நினைக்காமல் ஸ்மோக்கர் வாங்கக் கூடாது. புகைக்கு எண்ணெய்ப் பசை உள்ள மீன் வேண்டும். கானாங்கெளுத்தி அருமையாக வரும். கீறி, உப்புத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, துடைத்து, தோல் லேசாகக் காயும்வரை காற்றில் வைத்து, அப்புறம் உள்ளே. ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றேகால். 37இன் தட்டில் நாலைந்து மீன், இரண்டு தட்டுக்கும் சேர்த்து எட்டு முதல் பத்து. நாலு பேர் வீட்டுக்கு அது தாராளம். சூரை, வஞ்சிரம் எல்லாம் எப்படியும் துண்டு போட்டுத்தான் வைப்போம். அவற்றுக்கு எந்த அளவானாலும் ஒன்றுதான்.

முழுக் கொடுவா வைக்க ஆசை வந்தால்தான் கதை மாறுகிறது. ஒரு கிலோ கொடுவா தலையிலிருந்து வால் வரை 40 சென்டிமீட்டருக்கு மேல் போகும். 34 சென்டிமீட்டர் தட்டில் அதை எப்படித் திருப்பினாலும் வால் வெளியே. 47இல் நடுவில் ஒன்று கம்பீரமாகப் படுக்கும். நான் சின்னதிலிருந்து 47க்கு மாறியதற்கு உண்மையான காரணம் இந்தக் கொடுவாதான். வீட்டில் வேறு காரணம் சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலம். அப்போது சின்னப் படகுகள் கொண்டுவரும் மீன்தான் வரத்து, விலையும் ஏறிவிடும். அந்த இரண்டு மாதமும் ஸ்மோக்கரில் கோழிதான். வெயிலும் உச்சத்தில் இருக்கும், மாடியில் நிற்கவே முடியாது. வருடத்தில் எத்தனை நாள் அடுப்பைப் பற்றவைக்கப் போகிறோம் என்று எண்ணும்போது இதையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழையையும் கழித்துவிட வேண்டும்.

மாட்டுக்கறிக்காரர்கள் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். புளியந்தோப்புப் பக்கம் சொல்லி வைத்து நெஞ்சுக்கறியை ஒரே துண்டாக வாங்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். அது 65, 70 டிகிரிக்கு வந்ததும் மேலே ஏறாமல் இரண்டு மூன்று மணி நேரம் அப்படியே நின்றுவிடும். கறியிலிருந்து வேர்க்கும் ஈரம் ஆவியாகிச் சூட்டைத் தின்கிறது. பானைத் தண்ணீர் குளிர்வது மாதிரிதான். அந்தத் தேக்கத்தைத் தாண்டி 93, 95க்குக் கொண்டுபோக ஒரு நாள் முழுக்கத் தணல் நிற்க வேண்டும். 37இன் கரிக்கூடையில் அவ்வளவு கரி பிடிக்காது. நடுவில் திறந்து போட வேண்டியிருக்கும். மாதம் ஒரு தடவையாவது இதைச் செய்யப்போகிறவருக்கு நான் 37ஐச் சொல்லவே மாட்டேன். 47 போதும். 57 வேண்டுமென்றால், ஒரே நேரத்தில் இரண்டு மூன்று துண்டு வைக்கும் ஆளாக இருக்க வேண்டும்.

இப்போது கரிக்கு வருவோம்.

நான் வாங்குவது இஸ்திரிக்காரர்கள் வாங்கும் அதே கரிக்கடையில். மரக்கரி, பெரும்பாலும் சீமைக்கருவேலம். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கத்திலிருந்து மூட்டையாக வருகிறது. டெக்சாஸ்காரர்கள் மெஸ்கீட் என்று கொண்டாடி அதிக விலை கொடுத்து வாங்குவது இதே குடும்பத்து மரம்தான். நாம் வேரோடு பிடுங்கச் சொல்லி வழக்கு போடுகிறோம், அவர்கள் பையில் அடைத்து விற்கிறார்கள். சூடு அதிகம், பொறி நிறையப் பறக்கும். மாடியில் துணி காயும் நாளாகப் பார்த்துப் பற்றவைக்காதீர்கள். தேங்காய் ஓட்டுக் கரிக்கட்டி கிடைத்தால் அது நிதானமாக, சீராக எரியும். விலைதான் கூடுதல்.

மூட்டையில் வரும் மரக்கரியில் பாதி தூளாக இருக்கும். சலித்து, முட்டை அளவுக்கு மேல் இருப்பதைத்தான் போட வேண்டும். தூள் அடைத்தால் காற்று போகாது. எரியாத கரியை முதலில் கூடையில் நிரப்பி, நடுவில் தனியாகப் பற்றவைத்த பத்துப் பதினைந்து துண்டுகளை வைத்துவிட்டால், தணல் மெல்ல மெல்லப் பக்கத்துக் கரிக்குப் பரவும். அப்புறம் எல்லாம் கீழ் ஓட்டைகளின் கையில். பழைய கரி இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

இந்தக் கரியில் என் வீட்டுக் கணக்கு இது. 37இல் 2 கிலோ போட்டால் நாலு மணி நேரம் ஓடும். 47இல் அதே நாலு மணிக்கு 3 கிலோ, ஆறு மணிக்கு 4 கிலோ. முன்பு என்னிடம் இருந்த 57 அளவு டிரம்மில் (அந்தக் கதை பின்னால் வரும்) 7 கிலோவுக்குக் குறைந்து ஒரு ஞாயிற்றுக்கிழமையும் முடிந்ததில்லை. "பெரியதில் சின்னதையும் சமைக்கலாமே, சின்னதில் பெரியதைச் சமைக்க முடியுமா?" என்று ஒரு வாதம் உண்டு. மச்சானும் அதைத்தான் சொன்னான். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 57இல் ஒரே ஒரு கோழியை வைத்தாலும் முழு உருளையையும் சூடாக்கியே ஆக வேண்டும். கரி அந்த விகிதத்தில் குறையாது. அரைக் கிலோ மீனுக்குக் கிலோக்கணக்கில் கரி எரித்துவிட்டு, அடுத்த வாரம் பற்றவைக்க மனம் வராது. மூன்றாவது மாதம் ஸ்மோக்கர் மேல் தார்ப்பாய் ஏறிவிடும்.

தண்ணீர்ச் சட்டியிலும் இதே கதை. ஒரு லிட்டர் தண்ணீர் முழுக்க ஆவியாக சுமார் 2,260 கிலோஜூல் வேண்டும். நல்ல கரி ஒரு கிலோ சுமார் 30,000 கிலோஜூல் தரும். அதாவது லிட்டருக்கு 75 கிராம் கரி, அதுவும் ஒரு துளி சூடும் வீணாகாமல் இருந்தால். பெரிய சட்டியை நிரப்ப வாளி வாளியாக மூன்றாம் மாடிக்குத் தூக்குவது வேறு. மாடித் தொட்டியில் தண்ணீர் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். கோழிக்கு நான் சட்டியில் தண்ணீர் ஊற்றுவதே இல்லை, மணலைப் போட்டு அலுமினியத் தாளால் மூடிவிடுகிறேன். சூடு 150க்கு மேல் ஏறும், தோல் ரப்பர் மாதிரி இழுக்காமல் முறுகும். சின்ன உருளையில் இந்த வேலை சுலபம்.

அப்புறம் காற்று. மதியத்துக்கு மேல் கடல் காற்று எழும்பினால் ராயபுரம், காசிமேடு பக்கத்து மாடிகளில் நியூஸ்பேப்பர் நிற்காது. கீழ் ஓட்டைக்கு நேராகக் காற்று அடித்தால் தணல் சீறிக்கொண்டு 180ஐத் தொடும்; பக்கவாட்டில் அடித்தால் உருளை குளிரும். உருளை பெரிதானால் காற்று உரசும் பரப்பும் பெரிது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், மேற்குப் பக்கமாக மறைவு கிடைத்தால் அங்கே வையுங்கள். மறைவு வேண்டும் என்பதற்காக ஷீட் போட்ட மாடி ரூமுக்குள் மட்டும் கொண்டுபோகாதீர்கள், மழை வந்தாலும் சரி. கரி அடைந்த இடத்தில் கார்பன் மோனாக்சைடு விடும். அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது.

டிரம் கதையைச் சொல்லாமல் முடித்தால் மச்சான் விடமாட்டான்.

நான் முதலில் வாங்கியது 57. கம்பெனிப் பொருள் இல்லை. 200 லிட்டர் டிரம்மை வெட்டிச் செய்தது. அந்த டிரம்மின் உள் விட்டம் 57 சென்டிமீட்டர்தான், உயரம் 88. பெரிய ஸ்மோக்கரின் தட்டு அப்படியே பொருந்தும். கொருக்குப்பேட்டைப் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்தேன். மலிவு என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் பழைய டிரம்மில் முன்னால் என்ன இருந்தது என்று தெரியாமல் தொடவே கூடாது. சமையல் எண்ணெய் இருந்த டிரம் என்றால் சரி. வட சென்னையில் ரசாயன டிரம்களும் அதே விலைக்குச் சுற்றிக்கொண்டிருக்கின்றன, கழுவிப் பெயிண்ட் அடித்தால் எது எது என்று தெரியாது. உள்ளே பூச்சு இருந்தால் விறகு போட்டு நன்றாக எரித்துவிட வேண்டும். துத்தநாகம் பூசிய தகடு, கம்பி எதுவும் உள்ளே இருக்கக் கூடாது; சூட்டில் அந்தப் புகை ஆளைப் படுக்க வைத்துவிடும். துறைமுகத்திலிருந்து வரும் பலகைப் பெட்டி மரத்தைப் புகைக்குப் போடுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். ஆங்கிலத்தில் MB என்று முத்திரை இருந்தால் அது பூச்சியைக் கொல்ல மீத்தைல் புரோமைடு என்ற விஷ வாயு போட்ட மரம். கொய்யா, மாங்கொம்பு கிடைக்காத ஊரா இது?

டிரம்முக்குக் கால், கைப்பிடி, பக்கத்தில் ஒரு குழாய் எல்லாம் வெல்டிங் வைத்து வந்தது. எங்கள் வீட்டு மாடிப்படி இரண்டே கால் அடி அகலம். இரண்டாம் மாடித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. கீழ் வீட்டுப் பாட்டி கோயிலுக்குப் போக முடியாமல் ஒரு மணி நேரம் படியிலேயே உட்கார்ந்து எனக்கு அறிவுரை சொன்னார். கடைசியில் கைப்பிடியை அறுத்து, தெருவுக்கு இறக்கி, வெளிப்பக்கமாகக் கயிறு கட்டி மாடிக்கு இழுத்தோம். கம்பெனி உருளைகள் மூன்று துண்டாகப் பிரியும். 57 கூட 30 கிலோவை ஒட்டித்தான், துண்டு துண்டாக ஏற்றிவிடலாம். டிரம் பிரியாது.

கொழுப்பு நேராகத் தணலில் சொட்டுவதால் டிரம் கோழிக்கு ஒரு தனி ருசி உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூடி இறுக்கமாக உட்காராததால் சமையல் முடிந்து ஓட்டைகளை அடைத்தாலும் தணல் அணையாது, மிச்சக் கரி முழுக்கச் சாம்பலாகும். 47இல் அடைத்தால் அரை மணியில் அணைந்து, பாதிக் கரி அடுத்த வாரத்துக்கு மிஞ்சுகிறது. உப்புக் காற்றில் டிரம்மின் அடி ஒரே மழைக்காலத்தில் ஓட்டை விழுந்தது. எனாமல் பூசிய உருளை தாங்குகிறது, எங்கேயும் மோதிப் பெயராமல் பார்த்துக்கொண்டால்.

கெட்டில் என்கிற, மூடி போட்ட உருண்டை அடுப்பு வகைக்கு இரண்டு வரி. 1952இல் சிகாகோவில் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர் கடலில் மிதக்க விடும் இரும்பு மிதவையைப் பாதியாக வெட்டிச் செய்த அடுப்பு அது. காசிமேட்டில் யாருக்காவது முதலில் தோன்றியிருக்க வேண்டியது. 57 கெட்டிலில் கரியை ஓரமாக வரிசைகட்டி அடுக்கி ஒரு முனையில் பற்றவைத்தால் புகையும் போடலாம், நேரடித் தணலில் சுடவும் சுடலாம். இரண்டும் வேண்டும், ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள். பீங்கான் முட்டை மாதிரி இருக்கும் கமாடோ அடுப்பு கரியை மிச்சம் பிடிக்கும். அதன் எடையைக் கேட்டதும் எனக்கு மாடிப்படிதான் ஞாபகம் வந்தது, மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

மச்சானுக்கு நான் சொன்னது 47. அவன் வீட்டில் ஆறு பேர், மாமனார் மீன் பிரியர், மாதம் இரண்டு ஞாயிறு உறுதி. கணவன் மனைவி இருவர் மட்டும், பால்கனியை ஒட்டிய சின்ன மாடி, கோழியும் கானாங்கெளுத்தியும்தான் என்றால் 37ஐ யோசிக்காமல் வாங்கலாம். 11 கிலோதான், ஒரு கையில் தூக்கி மழைக்கு உள்ளே வைத்துவிடலாம். 57ஐ எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் தரைத்தளத்தில் திறந்த இடம் இருந்து, கறி விற்கவோ நண்பர் கூட்டத்துக்கு மாதாமாதம் போடவோ நினைப்பவர்களுக்கு விட்டுவிடலாம்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மச்சான் மாடி மூலையைப் பார்த்தான். அடி ஓட்டையான டிரம்மில் மண் போட்டு கறிவேப்பிலை வைத்திருக்கிறேன், ஆளுயரம் வளர்ந்திருக்கிறது.

"மாமா, இந்த டிரம்மை எனக்குக் குடுத்துடேன். அடியில தகடு வச்சு அடிச்சுக்கிறேன்."

"எடுத்துக்கோ. இறக்குறதுக்குக் கயிறு நீ கொண்டு வா. பாட்டிகிட்டயும் நீயே சொல்லிடு."